இருநூற்றெட்டாவது ஆள்

ஓட்டுநர்: ...பிரேக் சத்தத்துக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு.

அலுவலர்: பிரேக்கை யாருப்பா கேட்டா? நான் தேர்வுப் பிரிவு. பஸ்ஸுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டுநர்: அதானே. நாலு மாடி இறங்கி, இந்த வெயில்ல, நிறுத்தி வச்ச பஸ்ஸுக்குள்ள வந்து உக்காந்தீங்களா... வேலை போச்சுடான்னு நெனச்சுட்டேன்.

அலுவலர்: வேலையெல்லாம் எங்கயும் போகல. எண்ணிக்கை ஒண்ணு இடிக்குது.

ஓட்டுநர்: டீசலா?

அலுவலர்: பிள்ளைங்க.

ஓட்டுநர்: ஐயோ, யாராவது பஸ்ல...

அலுவலர்: முழுசாக் கேளேன்யா. உங்க செட்டு. ஆறு வருஷம் முன்னாடி எலக்ட்ரிகல்ல சேர்ந்தவங்க எத்தனை பேருன்னு ஞாபகம் இருக்கா?

ஓட்டுநர்: யாரு சார் எண்ணினா? முதல் வருஷம் கிளாஸ்ல உக்கார இடம் இருக்காது. மூணாவது வருஷம் படுத்துத் தூங்கலாம்.

அலுவலர்: இருநூத்தி அறுபது. அதுல ஆறு வருஷத்துக்குள்ள பட்டம் வாங்கினவங்க நூத்துக்கு எண்பது இருக்கணும். தரம் பாக்க வர்ற குழு முதல்ல புரட்டுற பக்கமே அதுதான். எண்பதுன்னா இருநூத்தி எட்டு பேரு.

ஓட்டுநர்: இருக்காங்களா?

அலுவலர்: இருநூத்தி ஏழு.

ஓட்டுநர்: அட! ஒரு ஆளுக்கா இந்தப் பாடு? எழுபத்தி ஒன்பது புள்ளி சொச்சம்தானே, எண்பதுன்னு போட்டா யாரு கேக்கப் போறா?

அலுவலர்: நானும் அதைத்தான் துணைவேந்தர்கிட்ட சொல்லிப் பாத்தேன். எரிச்சுடற மாதிரி ஒரு பார்வை பாத்தாரு. குறைஞ்சா அடுத்த வருஷம் இந்தத் துறைக்கு ஒரு பிள்ளையைக்கூடப் புதுசாச் சேர்க்க முடியாது.

ஓட்டுநர்: சேர்த்து என்ன பண்றீங்க? பாதி பேரு நடுவுலயே காணாமப் போறாங்க.

அலுவலர்: அதுக்குத்தானே மேல ஒரு அறை, நாலு பொண்ணுங்க, நாலு போனு. வராத பிள்ளைங்க வீட்டுக்குப் போட்டு, 'ஏம்மா வரல, எப்போ வருவ'ன்னு...

ஓட்டுநர்: அவங்க போன் போடறப்ப பிள்ளை எப்பவோ போயிருக்கும் சார். எனக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும்.

அலுவலர்: உனக்கு எப்படி?

ஓட்டுநர்: கண்ணாடியில தெரியுமே. முதல்ல கூட்டாளிங்களை விட்டுட்டுத் தனியாக் கடைசி சீட்டுக்குப் போவாங்க. அப்புறம் பஸ்ஸை நகர்த்தின பிறகு ஓடி வருவாங்க. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். ஒரு நாள் ஸ்டாப்புல ஆள் இருக்காது. நானும் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாப்பேன். மத்ததுங்க 'அண்ணே, அவ வரமாட்டா, எடுங்க'ன்னு சொல்லும்.

அலுவலர்: இதை ஏன்யா மேல வந்து சொல்லல?

ஓட்டுநர்: யாரு கேட்டா?

அலுவலர்: சரி, படிக்கறப்ப நீ எந்த சீட்டுல உக்காருவ?

ஓட்டுநர்: நான் சைக்கிள் சார்.

அலுவலர்: சிரிக்காத. விஷயத்துக்கு வரேன். பாக்கி அம்பத்தி மூணு பேரையும் சலிச்சுப் பாத்துட்டோம். ஒருத்தன் கப்பல்ல இருக்கான். ஒரு பொண்ணு வேற படிப்பு முடிச்சு வக்கீலாவே ஆயிடுச்சு. ஒருத்தனுக்குப் பத்தொம்பது அரியர், போன் போட்டா 'என்னை நிம்மதியா விடுங்க'ங்கறான். ஒரே ஒரு பரீட்சை பாக்கின்னு இருக்கறது மொத்தம் ஒரே ஆளு.

ஓட்டுநர்: சார், டயருக்குக் காத்து அடிக்கணும், நான் இறங்கறேன்.

அலுவலர்: என்ன, ஆடு திருடினவன் மாதிரி முழிக்கற?

ஓட்டுநர்: வேணாம் சார்.

அலுவலர்: நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே!

ஓட்டுநர்: நீங்க கேக்கப் போறது தெரியும். மெஷின்ஸ் லேப் வைவா. வேணாம்.

அலுவலர்: பத்து நிமிஷம் வாயால பதில் சொல்றதுதான்யா. நாளைக்குக் காலையில. நாளையோட உன் ஆறு வருஷம் முடியுது. அதுக்கப்புறம் நீயே வந்து கெஞ்சினாலும் முடியாது.

ஓட்டுநர்: காலையில எனக்கு ஏழாம் நம்பர் ரூட் இருக்கு.

அலுவலர்: மாத்து ஆள் போட்டாச்சு.

ஓட்டுநர்: என்னைக் கேக்காமயா?

அலுவலர்: உன் நல்லதுக்குத்தான்டா! நாலு வருஷம் படிச்சு எல்லாத் தாளும் முடிச்சவன், அதே கேம்பஸ்ல ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு இருக்க. உன்கூடப் படிச்சவன் இன்னிக்கு உன் பஸ்லயே லெக்சரரா ஏறுறான். உனக்கு ஒண்ணும் தோணலையா?

ஓட்டுநர்: 'டேய், ஏசியைப் போடு'ம்பான். போடுவேன். அவன் நல்ல பையன் சார்.

அலுவலர்: ஐயோ, இவனோட... சரி. என்ன பயம் உனக்கு? சொல்லு.

ஓட்டுநர்: உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு தடவை போய் உக்காந்தேன். விடை எல்லாம் உள்ள இருக்கு. எதிர்ல கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் 'உம், சொல்லு'ன்னாரு. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. பேரைக் கேட்டாரு, அதுகூட வரல. வெளிய வந்து வாந்தி எடுத்தேன்.

அலுவலர்: கேள்வி அஞ்சையும் இப்பவே தரேன். எழுதி எடுத்துட்டுப் போ.

ஓட்டுநர்: கேள்வி தெரியாமலா சார் நின்னேன்?

அலுவலர்: அப்ப கோட்டு இல்லாத ஆளா உக்கார வைக்கிறேன்.

ஓட்டுநர்: கிண்டல் பண்ணாதீங்க.

அலுவலர்: கிண்டல் இல்லப்பா. சரி... வைவாவே வேணாம். நீ வரவேண்டாம். ஒரு விண்ணப்பம் கொண்டு வந்திருக்கேன். இங்க ஒரு கையெழுத்து போடு, போதும்.

ஓட்டுநர்: கையெழுத்து போட்டா?

அலுவலர்: பட்டம் வரும்.

ஓட்டுநர்: பரீட்சையே எழுதாம மார்க் எங்கேர்ந்து சார் வரும்? காதுல பூ சுத்தறீங்களா?

அலுவலர்: வரும்.

ஓட்டுநர்: நீங்க போடுவீங்களா? மாட்டினா உங்க வேலை, என் வேலை, ரெண்டும்...

அலுவலர்: நான் போடல. ஏற்கனவே இருக்கு.

ஓட்டுநர்: என்ன இருக்கு?

அலுவலர்: அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு.

ஓட்டுநர்: இந்தாங்க சார். உடம்புக்கு என்ன பண்ணுது?

அலுவலர்: ஒண்ணுமில்ல. மூணாவது தடவை அந்த வைவா நடந்தப்ப ரிசல்ட்ல என்ன வந்துச்சு?

ஓட்டுநர்: 'நிறுத்தி வைப்பு'.

அலுவலர்: ஏன்னு கேட்டியா?

ஓட்டுநர்: இல்ல.

அலுவலர்: ஏன்யா கேக்கல? அப்படி வந்தா பிள்ளைங்க மறுநாளே கவுண்டர்ல வந்து கத்துவாங்க. அப்பனைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. நான் ஒவ்வொரு நாளும் பாத்தேன், நீ வருவ வருவன்னு. நீ வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

ஓட்டுநர்: கேட்டிருந்தா?

அலுவலர்: தேடியிருப்பேன். அன்னிக்கு அரியர் வைவாவுக்கு நீ ஒருத்தன்தான். ஒத்தைத் தாள். வெளியிலேர்ந்து வந்த தேர்வாளர் மார்க்கைப் போட்டு என் கையிலதான் குடுத்தாரு. நான் அதை சிவில் துறைக் கட்டோட சேர்த்து உறையில போட்டு அரக்கு வச்சுட்டேன். சாயங்காலம் பாத்தா உன் பேருக்கு நேரா வெறும் கட்டம். கிடைச்சதும் மாத்திக்கலாம்னு 'நிறுத்தி வைப்பு'ன்னு போட்டேன்.

ஓட்டுநர்: கிடைச்சுதா சார்?

அலுவலர்: எட்டு மாசம் கழிச்சுக் கிடைச்சுது. அந்த வாரம்தான் பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேரு வந்திருந்துச்சு. இதை வெளிய எடுத்தா எப்படித் தொலைச்சன்னு கேப்பாங்க, எட்டு மாசம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. நீயும் வந்து கேக்கல. மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன்.

ஓட்டுநர்: இன்னும் இருக்கா?

அலுவலர்: இருக்கு. இதோ, சட்டைப் பையில கொண்டு வந்திருக்கேன். டிரைவர் வேலைக்கு நீ மனு போட்டிருந்ததைப் பாத்தேன். ஆளைப் பிடிச்சு உன்னை உள்ள எடுக்க வச்சது நான்தான். அதோட சரியாப் போச்சுன்னு நெனச்சேன். போகல. தினம் ஜன்னல் வழியா இந்த பஸ் திரும்பறதைப் பாப்பேன்... நான் பண்ணது பாவம்டா. இந்த ஒரு ஆள் குறையலன்னா இன்னிக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அதையும் ஒத்துக்கறேன்.

ஓட்டுநர்: பாஸா சார்?

அலுவலர்: பாஸாவா? அம்பதுக்கு நாப்பத்தி மூணு!

ஓட்டுநர்: நாப்பத்தி மூணு...

அலுவலர்: ஓரத்துல கையால வேற எழுதியிருக்காரு பாரு. 'மோட்டாரைப் பிரித்துக் காட்டியே விளக்கினார். கைப் பழக்கம் அபாரம்.' இருபது வருஷத்துல ஒரு தேர்வாளர் இப்படி எழுதி நான் பாத்ததில்ல. ரெண்டு வருஷம் முன்னாடியே நீ பட்டதாரிடா! என்னைத் திட்டணும்னா திட்டு. அடிக்கணும்னா அடி. எழுதிக் குடுக்கறதுன்னாலும் எழுதிக் குடு, மறுக்க மாட்டேன்... ஏய், என்ன சிரிக்கற?

ஓட்டுநர்: சிரிக்கல சார்.

அலுவலர்: அழறியா?

ஓட்டுநர்: தெரியல.

அலுவலர்: கையெழுத்து போடுய்யா. நாலு மணிக்குள்ள இதை நான் மேல சேர்க்கணும். இருநூத்தி எட்டாவது ஆள் நீ.

ஓட்டுநர்: போட மாட்டேன் சார்.

அலுவலர்: என் மேல இருக்கற கோபத்துல உன் வாழ்க்கையைக் கெடுத்துக்காத!

ஓட்டுநர்: உங்க மேல கோபம் இல்ல. நீங்க தொலைச்சீங்கன்னு இப்பத்தானே தெரியும்? நான் இத்தனை நாளா மாட்டிக்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதான் கவுண்டர் பக்கமே வரல. 'நிறுத்தி வைப்பு'ன்னு பாத்ததும், கண்டுபிடிச்சுட்டாங்க, பெரிய மனசு பண்ணி போலீசுக்குப் போகாம விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். வேலை குடுத்தப்பகூட, நம்மளைக் கண்காணிக்கத்தான் உள்ள வச்சிருக்காங்கன்னு...

அலுவலர்: என்னடா உளர்ற? எதைக் கண்டுபிடிச்சோம்?

ஓட்டுநர்: மூணாவது வைவாவுக்கு நான் வரல சார்.

அலுவலர்: அப்ப இந்த நாப்பத்தி மூணு யாருக்குடா போட்டது?

ஓட்டுநர்: எங்க அண்ணனுக்கு. எட்டாவதோட நின்னுட்டு மோட்டார் காயில் கட்டுற பட்டறைக்குப் போனவன். 'நீ ஏன்டா நடுங்கற, எல்லாம் நான் தினம் பிரிச்சுப் போடறதுதானே'ன்னு, மீசையை எடுத்துட்டு, என் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தான். நாளைக்குப் பத்து மணிக்கு நானே வரேன் சார்... நாக்கு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், உங்க கணக்கு எப்படியோ ஆகட்டும். அந்தத் தாளை மட்டும் இன்னிக்கு ஒரு ராத்திரி குடுங்க, அவன்கிட்ட காட்டிட்டுக் காலையில குடுத்துடறேன். மாட்டிக்கிட்டோம்னு சொன்னா பயந்துடுவானேன்னு, ஃபெயிலாயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தான் ஒழுங்காப் பதில் சொல்லாததாலதான் தம்பி பஸ் ஓட்டறான்னு ரெண்டு வருஷமா அவன் என் முகத்தை நேராப் பாக்கறதில்ல சார்.