நேரத்தோடு வேலைக்குப் போன போன்

குமணன்சாவடியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் திருமழிசை கம்பெனிக்குப் போகும் இரண்டு பேர்.

"நான்தான் லேட்டு மச்சான். என் போன் எட்டு மணிக்கே வேலைக்குப் போயிருக்கும்," என்றான் ஒருவன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காது அப்படியில்லை.

"இன்னாடா ஒளர்றே?"

"கம்பெனி கேட்டாண்ட போன் போனாலே ஆப்புல அட்டெண்டன்ஸ் உழுந்துடும். ஆளு வந்தானான்னு எவன் பாக்குறான்? நம்ம செல்வம் அண்ணாத்தே டெய்லி மொத பஸ்ஸுல போறாரு. நேத்தே என் போன அவராண்ட குடுத்துட்டேன்."

"அப்ப சம்பளத்தையும் போனுக்கே போடச் சொல்லு."

"சிரிக்காதே. இந்த மாசம் ரெண்டு தபா லேட்டு. இன்னொரு தபான்னா வேலைய உட்டே தூக்கிடுவாங்க."

"உழுந்துச்சான்னு அவராண்டயே கேட்டுடலாம்," என்று மற்றவன் தன் போனிலிருந்து செல்வத்தின் நம்பரை அழைத்தான்.

எங்கள் பஸ்ஸின் கடைசி சீட்டில் மணி அடித்தது. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, சட்டைப்பையிலிருந்த இரண்டு போனில் எது அடிக்கிறது என்று பார்த்தார்.

"அண்ணாத்தே..." என்றான் முதலாமவன்.

"பொறுப்பான மனுசன் மாமே," என்றான் மற்றவன். "உன்னிய உட்டுட்டு உன் போன் மட்டும் தனியாப் போவக் கூடாதுன்னு கூடவே இட்டுகினு வர்றாரு."