சாப்பாட்டு மேசை மேல் ஒரு கார்

பூந்தமல்லி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். காட்டுப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்:

“எங்க ஊட்டுக்காரரு கார் இப்ப சாப்பாட்டு மேசை மேலதான் கீது.”

இளையவர் திரும்பினார். “இன்னாக்கா சொல்ற?”

“ரிமோட்ல ஓட்டற கார்டி, முழங்கை நீளந்தான். பார்ட் பார்ட்டா வாங்கி அவரே மாட்டுவாரு. பக்கவாதம் வந்தப்புறம் வலது கை நடுங்குதுல்ல, ஸ்க்ரூ எல்லாம் கீழ உருண்டு பூடும். வெறுத்துப்போய் பரண்ல தூக்கி வெச்சிட்டாரு.”

“அப்புறம்?”

“நான் கடைல கேட்டு, காரை நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டு, ஸ்க்ரூ போட காந்தக் கிண்ணம், நுனில காந்தம் வெச்ச ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வாங்கியாந்தேன். ஸ்க்ரூ அப்படியே ஒட்டிக்குது. கொஞ்ச நாள் மூஞ்சத் திருப்பிகினு இருந்தாரு. அப்புறம் அவரே காரை இறக்கினாரு.”

“ஓட்டிப் பாத்தாரா?”

“போன ஞாயித்துக்கெழம வேலப்பன்சாவடி கிட்ட போட்டி வெச்சாங்க. எல்லாருக்கும் கடைசியா வந்தாரு.”

“அடப் பாவமே.”

“இன்னா பாவம்? அங்க ஒருத்தரு காருக்கு சக்கரம் கழண்டு பூச்சு. இவருதான் தரையில உக்காந்து மாட்டிக் குடுத்தாரு. நான் கிட்டக்கூடப் போகல.”



“எந்தக் கையாலக்கா?”

“வலது கையாலதான்.”

குமணன்சாவடியில் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.