அந்த ஆப்பு என்னுடையது

வயலினும் வில்லும் செய்வோர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மரத்தின் மனமறிந்த மூத்தவர்களே, பட்டறையையும் வீட்டையும் ஒரே கூரையின்கீழ் கட்டியாளும் தாய்மார்களே, சட்டையில் ஒட்டிய மரத்தூளோடு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

விசாரணைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருக்கிறீர்கள். இவளை ஏன் என்று கேட்பவர்கள் இந்த அரங்கில் இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும். போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். பதில் அதில் இருக்கிறது.

ஒரு வயலின் கலைஞர். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வில்லின் முனை பிளந்து கழன்று விழுந்துவிட்டது. அவருடைய அப்பா வைத்திருந்த வில். கொதித்துப்போனார் மனிதர். அந்த வில்லைக் கடைசியாகத் தொட்டவர், வில்லுக்கு மெருகு பூசிப் பழுதுபார்க்கும் நம் மெருகுக்காரர். பிடிக்குப் புதுத்தோல் ஒட்டிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் கடைசியாகத் தொட்டவர் மேல்தானே பழி விழும்? விழுந்தது. வாடிக்கையாளர்கள் விலகினார்கள். புகார் நம் சங்கத்துக்கு வந்தது.

விசாரிக்க மூன்று பேர் அமர்ந்தோம்: செல்லோ என்ற பெரிய வயலின் செய்பவர், மரம் விற்பவர், வில் செய்யும் நான். எதிரே நாற்காலி நுனியில் மெருகுக்காரர். மேசைமேல் வெள்ளைத் துணி. துணிமேல் இரண்டு துண்டாய் அந்த வில்.

தொழில் தெரியாத உறவினர்களும் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். வில்லின் முனையில் ஒரு சிறு குழி உண்டு. குதிரைமுடிக் கற்றையை அதில் வைத்து, சுண்டுவிரல் நகமளவு மர ஆப்பைச் செருகி நிறுத்துவோம். ஆப்பு தளர்ந்தால் முடி கழன்று வரும். இறுகினால் ஈரக்காற்றில் ஆப்பு பருத்து, முனையே பிளக்கும்.

இடுக்கியால் அந்த ஆப்பை எடுத்தேன். பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தேன். அதைச் செதுக்கிய கத்தி சாய்ந்திருந்த பக்கம் எனக்குத் தெரிந்த பக்கம். நான் இடதுகைக்காரி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் இந்த வில்லைக் கொண்டுவந்து அவசரமாக முடி மாற்றித் தரக் கேட்டது நினைவுக்கு வந்தது. கலைஞரின் தங்கை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துச் செல்லோ செய்பவர் பேனாவை எடுத்தார். "பழைய மரம், தானா வெடிச்சிருக்குன்னு எழுதிடலாம். யார் மேலயும் தப்பு இல்ல. பிரச்சினை இதோட முடிஞ்சிடும்."

எத்தனை எளிய வாசல்! யாருக்கும் காயமில்லை, யாருக்கும் கறையில்லை. நானும் அந்த வாசல் வழியே நழுவத்தான் நினைத்தேன். மறைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். தாகம் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். திரும்பி வந்து சொன்னேன்:

"எழுதாதீங்க. அந்த ஆப்பு என்னோடது. அளவு பாக்காம இறுக்கிட்டேன்."

மரம் விற்பவர் நம்பவில்லை. "இவ்ளோ சின்னத் துண்டுல எப்படிங்க சொல்றீங்க?"

கத்தியை வாங்கி அங்கேயே இன்னொரு ஆப்பு செதுக்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் வெட்டு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

மெருகுக்காரர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்ட உரிமை உண்டு. அவர் மெல்லச் சொன்னார்: "நாலு மாசமா நான்தான் உடைச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். தோல் ஒட்டும்போது அழுத்திட்டேனோன்னு. வில்லு யார் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பிடுறேன். கைய நம்ப முடியல."

தோழர்களே, நெஞ்சில் கைவைத்து நினைத்துப் பாருங்கள். "யார் மேலும் தவறில்லை" என்று நாங்கள் எழுதியிருந்தால் அந்தக் கை மீண்டிருக்குமா? ஊர் மறந்திருக்கும், அவர் மறந்திருப்பாரா? காகிதம் அவரை விடுவித்திருக்கும். கத்தி அவர் கைக்குத் திரும்பியிருக்குமா?

கலைஞரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. "புது வில்லு ஒண்ணு நீங்க செஞ்சு தாங்க. முடி மட்டும் அந்த மெருகுக்காரர் போடட்டும்," என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அப்படியேதான் செய்தோம். நான் செய்த வில்தண்டில் மெருகுக்காரர் முடி போட்டார். திருப்பி அனுப்பாமல் அவர் ஏற்றுக்கொண்ட முதல் வில் அது.

இந்தப் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழிந்தவரும் அவரே. மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். தலைநிமிருங்கள் அண்ணே, கைதட்டல் உங்களுக்குத்தான்.

சங்கம் எதற்கு? விருது வழங்கவா, விருந்து வைக்கவா, ஒருவர் பிழையை ஒருவர் போர்த்தி மூடவா? பிழையைச் சொல்ல ஒரு மேசை வேண்டும். சொன்னவரை எழுப்பி அனுப்பாத மேசையாக அது இருக்க வேண்டும். அந்த மேசை நம்மிடம் இருக்கிறது. உடைந்த வில்லைக் கொண்டுவாருங்கள், பிளந்த பலகையைக் கொண்டுவாருங்கள். யார் கை தவறியது என்று பார்த்துச் சொல்கிறோம். அது என் கையாக இருந்தாலும் சொல்கிறோம்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. நாளைக் காலை பட்டறை திறக்கப்போகும் கைகளுக்கு வணக்கம்.