ஆறரை மணித் தீபாராதனை

எனக்கு டிவி மீது தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது. கிரிக்கெட் இருந்தால் நானும் பார்ப்பேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், சார், ஏனென்றால் என்னை முரடன் என்று நீங்கள் எழுதிக்கொண்டுவிடக் கூடாது.

முப்பத்தொரு வருஷம் திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்தவன். ஓய்வு பெற்ற பின், கரமனையில் எங்கள் தெருக்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கினேன். இப்போது அதில் முந்நூற்று நாற்பது பேர். வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. ஆசாரத்தில் சந்தேகம் வந்தால் கேட்பார்கள், நான் பதில் எழுதுவேன்.

புரட்டாசியில் ஒருவர் கேட்டார்: டிவியில் காட்டும் தீபாராதனையைக் கும்பிட்டால் பலன் உண்டா? குளிக்காத உடம்போடு, படுத்த கோலத்தில், சோப்பு விளம்பரத்துக்கு நடுவில் சுவாமியைப் பார்ப்பது அபசாரம் என்று எழுதினேன். புனேயில் வேலை பார்க்கும் ஆனந்தகிருஷ்ணன் மறுத்தான். நான் சுலோகம் போட்டால் அவனும் ஒரு சுலோகம் போடுவான். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒருவர்கூடத் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மார்கழி பிறந்ததும் அவன் லீவில் ஊருக்கு வந்தான். மரியாதைக்கு எங்கள் வீட்டுக்கும் வந்தான்.

வீட்டில் நானும் என் அக்கா சூடாமணியும்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து என்னைப் படிக்க வைத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலப் பக்கமும் பேச்சும் போய்விட்டன. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் டிவி. மாலை ஆறரைக்குத் தீபாராதனை காட்டும்போது இடக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வாள். நாள் முழுக்க அவளாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஆனந்தகிருஷ்ணன் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். "மாமா ஆத்துலயே பதில் இருக்கு" என்று எழுதியிருந்தான். நிறையப் பேர் சிரித்தார்கள்.

மறுநாள் காலை டிவியை நானே கழற்றினேன். வெறும் சுவரைப் படம் எடுத்துப் போட்டு, அக்கா தானாகவே விட்டுவிட்டாள் என்று எழுதினேன். அன்று ஆறரைக்கு அவள் இடக் கை வளையலால் கட்டில் கம்பியைத் தட்டினாள். அரை மணி நேரம் தட்டினாள். அதன் பிறகு சாப்பாடு கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், வைகுண்ட ஏகாதசி வரை அக்கா உபவாசம் இருக்கிறாள் என்று குழுவில் எழுதினேன். ஏகாதசிக்கு ஒன்பது நாள் இருந்தது. கைகூப்பும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் மகாத்மா என்று எழுதினார். ஆனந்தகிருஷ்ணன் எனக்குத் தனியாக எழுதினான்: "மாமா, நான் வாதத்துக்குத்தான் சொன்னேன். தயவுபண்ணி அவாளுக்கு டிவியைப் போட்டுடுங்கோ." அவன் தோற்றதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். அதையும் குழுவில் போட்டேன்.

துளசி தீர்த்தம் மட்டும் ஸ்பூனால் கொடுத்தேன். அதில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஐந்தாம் நாள், அக்காவைக் கவனித்துக்கொண்டிருந்த மலையாளி ஹோம் நர்ஸ் ஷிஜா வந்து நின்றாள். "சாரே, அம்மா இன்னைக்கு வாய் தொறக்குது. இச்சிரி கஞ்ஞி கொடுக்கட்டா? இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், கேட்டோ."

"விரதம்மா. நடுவுல முறிக்கப்படாது" என்றேன்.

"விரதம் அம்மா எடுத்ததா, சார் எடுத்ததா?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை.

இறந்த நேரத்தில் வித்தியாசம் இருக்கிறது என்கிறீர்கள். வாஸ்தவம்தான். அக்கா போனது தசமி அன்று மத்தியானம். ஏகாதசி விடிந்த பிறகுதான் அறிவித்தேன். ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அத்தனை பேர் ஏகாதசிக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தக் கட்டிலைக் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் ஆறரைக்குக் கம்பியில் வளையல் தட்டும் சத்தம் கேட்கிறது. வாசலுக்குப் போய் நின்றாலும் கேட்கிறது. காது டாக்டரிடம் காட்டினேன். குறை ஒன்றும் இல்லை என்றார்.

விவாதமும் முடியவில்லை, சார். காரியங்கள் முடிந்து பதிமூன்றாம் நாள் சுபம் ஆன மறுநாளே ஒருவர் கேட்டிருந்தார்: செல்போனில் தீபாராதனை பார்க்கலாமா? விரிவாகப் பதில் எழுதினேன்.

நீங்கள் கேட்ட அந்தப் புகைப்படம் ஆறாம் நாள் எடுத்தது. ஷிஜா இல்லாததால் நானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். இடக் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். கஞ்சிக்குத்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும். படம் எடுத்து, "நாமம் சொல்கிறாள்" என்று எழுதிப் போட்டேன். இருநூற்றுப் பதினேழு பேர் கைகூப்பினார்கள்.

அவளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று ஒரே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன், சார். ஒருவரும் சொல்லவில்லை.