கண்ணைக் கூசாத திரை

— எங்கட்டி போன இம்புட்டு நேரம்? சன்னலோரம் வச்ச டிஜிட்டல் டைரியக் காணோம்னு வீட்டையே புரட்டிட்டேன்.

— ராசபாளையத்துக்கு, வாட்ச் கடைக்கு. கண்ணுல பொறை எடுத்து, கண்ணாடி மாட்டுன பொறவும் எழுத்து மங்கலாத்தான் இருக்குன்னு நேத்து அழுதீகள்ல?

— அழுதேனா? மருந்து விட்டிருந்தேன்.

— சரி, மருந்துதான். "தவசிமுத்து அண்ணாச்சி கண்ணு நல்லாத்தான் இருக்கும், இதுலதான் செல்லு தீந்துபோச்சு"ன்னான் கடைக்காரன். செல்லு தீந்தா எழுத்து சாம்பல் பூக்குமாம்ல?

— அது டி.வி. மாதிரி தன்னால எரியிற வெளிச்சம் இல்ல, ஆவுடை. அதான் கண்ணக் கூசாது. சன்னலப் பாத்துச் சாச்சுப் பிடிச்சாத்தான் எழுத்து கருக்கும். நம்ம சுந்தரம் அதுக்காகத்தான பட்டாளத்து கேண்டீன்ல வாங்கியாந்தான்.

— எம்புள்ளயப் பொட்டியில கொண்டாந்து வருசம் ஒண்ணாச்சு. அவன் கையால அடிச்சு வச்சது இது ஒண்ணுதான் மிச்சம். அதையும் இங்கிலீசு எழுத்துலயா அடிப்பான்? தமிழ்ல இருந்தா நானே படிச்சுக்கிடுவேன், ஒங்களத் தொங்க மாட்டேன்.

— அந்த டப்பாவுக்குத் தமிழ் தெரியாதுட்டி. ஆமா, பெரிய செல்லு மட்டுந்தான மாத்துனான்?

— அவன் அது போதும்னான். நாந்தான், சின்னதும் பழசாயிருக்கும், சேத்து மாத்துப்பான்னு ரெண்டையும் நகத்தால நெம்பி எடுத்துட்டேன்.

— ரெண்டையும் ஒண்ணாவா?

— ஆமா. அவன் பதறிட்டான். ஒண்ணக் கழட்டையில மத்தது உள்ள இருக்கணுமாம், இல்லன்னா எழுதுனது அம்புட்டும் அழிஞ்சிருமாம். வீட்டுல போயிப் பாக்கச் சொல்லிட்டான். மடவார் வளாகத்து வைத்தியநாதா, காப்பாத்துன்னு பஸ்சு பூராக் கும்பிட்டுட்டு வந்தேன். இந்தாங்க, பாருங்க.

— கொண்டா, சன்னலப் பாத்துச் சாச்சுப் பாக்கேன். இந்தப் பக்கமும் சாச்சுப் பாக்கேன்.

— ஏன் இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்கீக? எழுத்து இருக்கா?

— இரு, கண்ணாடியத் தொடைக்கேன்.

— இருக்கா இல்லையா?

— இருக்கு. பளிச்சுனு இருக்கு.

— அப்பாடா! படிங்க.

— "அப்பா, டி.வி.க்குக் கிட்ட உக்காராதீக, கண்ணு கெட்டுரும். அம்மாவ முட்டுவலிக்கு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க. பொங்கலுக்கு வாரேன்."

— வாரேன்னான்... அதோட முடிஞ்சுபோச்சு.

— இன்னும் ஒரு வரி இருக்கு, கேளு. "அம்மா வெவரம் தெரியாம எது செஞ்சாலும் ஏசாதீக. அம்மா மேல தப்பே இல்ல."

— எனக்கு இங்கிட்டிருந்து பாத்தா ஒரு எழுத்தும் தெரியலையே? இத இத்தன நாளும் நீங்க படிச்சதே இல்லையே?

— இன்னைக்குத்தாண்டி கண்ணு தெரியுது.