நூறுக்கு நூத்தி மூணு

இல்ல தம்பி, அது கல்யாண ஆல்பம் இல்ல, எங்க எப்சிபாவோட கார்டு ஆல்பம். சும்மா எடுத்துப் பாருங்க. இங்கன தள்ளி உக்காருங்க, அந்த மூலைக்கு ஃபேன் காத்து வராது. ஹால்ல ஒங்கம்மாவும் எங்கக்காவும் இப்பதேன் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான சொந்தக்காரவுகளத் தேட ஆரம்பிச்சிருக்காக. ஒருத்தராச்சும் கெடைக்காம விடமாட்டாக. பெறகு பாஸ்டர்மாரு பேச்சு வரும். அதுவும் முடிஞ்சாத்தேன் மாப்பிள்ளைய எங்க காணோம்னு தேடுவாக.

நான் பொண்ணு எப்சிபாவுக்குச் சித்தி, ஞானசெல்வி. அங்கனயே சொன்னாக, நீங்க குனிஞ்சு மிக்சரப் பாத்துக்கிட்டு இருந்தீக, அதேன் இன்னொரு தடவ சொல்றேன்.

சீட்டுக்கட்டா? மெதுவாச் சொல்லுங்க தம்பி, எங்க மச்சான் காதுல விழுந்துச்சுன்னா இப்பவே முழங்கால் போட வச்சு ஜெபம் பண்ணிருவாரு. இது சேக்குற கார்டு. காட்டுராசான்னு பேரு. பாக்கெட்டுக்குப் பத்து இருக்கும். பிரிக்கிற வரைக்கும் உள்ள என்ன கெடக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாத்துலயும் ஒரு மிருகம் இருக்கும், பாதி நெசமா உள்ளது, பாதி எவனோ உக்காந்து யோசிச்சது. இத வச்சு வெளாடுறவுகளும் இருக்காக. எங்க புள்ள வெளாடாது, சேக்க மட்டுந்தேன் செய்யும்.

ஒங்களுக்குத்தேன் இதெல்லாம் தெரியாதுன்னு சொன்னீகளே. ஒங்கம்மாவும், எங்க ஜெபராஜுக்குக் கடையும் சர்ச்சும் விட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாக, நீங்களும் பதவிசாத் தலையாட்டுனீக. எனக்கும் அரகொறயாத்தேன் தெரியும். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், பொழுது போகட்டும்.

இந்தா இதப் பாருங்க, தகடு ஒட்டுன மாதிரி மின்னுது. இதேன் இருக்கறதுலயே ரேர். அந்தா, மங்கலா ஒரு மயில் நிக்குது பாருங்க, அது சும்மா. எடம் நெரப்ப வச்சிருக்கா.

என்ன தம்பி? மின்னுறதுக்கும் ரேருக்கும் சம்பந்தமில்லையா? கீழ மூலையப் பாக்கணுமா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். ஆமா, குட்டியா வட்டம் போட்டிருக்கு. வட்டம்னா காமனா. பாக்கெட்டுல பாதிக்கு மேல அதுதேன் வருமா. டைமண்டு போட்டா அன்காமன். ஸ்டார் இருந்தாத்தேன் ரேர். அப்ப இந்த மங்கல் மயிலுக்கு ஸ்டார் போட்டிருக்கே. சாதாக் கார்டயே சில சமயம் மின்னுற தாள்லயும் அடிப்பாகளா. சரிதேன், நான் இம்புட்டு நாளும் மினுமினுப்பப் பாத்து ஏமாந்திருக்கேன்.

இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா மகன் சொன்னானா. என்ன படிக்கிறான்? யூகேஜியா. யூகேஜிலயே அன்காமன் வரைக்கும் நடத்திட்டாகளா, பரவால்லயே.

எங்க எப்சிபாவும் மொதல்ல என்னைய மாதிரிதேன் தம்பி. லோயர் கேம்ப் பவர்ஹவுஸ்ல இன்ஜினியரு, ஏ.ஈ.ன்னா பெரிய மூளைன்னு நெனைப்பீக. டர்பைன் சத்தத்துல ஒரு மாத்தம் இருந்தா வீட்லருந்தே சொல்லிருவா. ஆனா இதுல ஏமாந்தா. ஒரு நா கம்பம் பஸ் ஸ்டாண்டுல குமுளி பஸ்ஸு வரல. பிஸ்கட்டு வாங்கப் போனவ கடையில தொங்குன இந்தப் பாக்கெட்ட வாங்கிட்டு வந்துட்டா. உள்ள ஒரு மின்னுற புலி. அன்னையிலருந்து பஸ்ஸு வந்தாலும் ஏறுறதில்ல, பாக்கெட்டு வாங்கிட்டு அடுத்த பஸ்லதேன் வர்றது.

மின்னுறதயெல்லாம் கட்டில்ல பரப்பி வச்சு, சித்தி நம்ம பணக்காரியாயிட்டோம்னு சொன்னா. மங்கலா இருந்ததெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு ஒரு ஓரமாக் கெடந்துச்சு. அதுல இருந்த ஒரு ஸ்டார் கார்டத் தூக்கி, கூட வேல பாக்குற குமுளிக்காரன்கிட்டக் குடுத்துட்டு, அவன்கிட்ட மின்னுற வட்டக் கார்டா ஒரு கத்த வாங்கிட்டு வந்தா. அவன் அடிபொளி மேடம்னு சொல்லிட்டு ஓடியே போயிட்டான். பெறகு வெவரம் தெரிஞ்சு அவன்கிட்டத் திருப்பிக் கேட்டா, அவன் எதக் கேட்டாலும் மலையாளம் மட்டுந்தேன் பேசுறான். அதுவரைக்கும் நல்லாத் தமிழ் பேசிக்கிட்டு இருந்த பய.

அந்த ஆத்திரத்துலதேன் படிச்சா. எத்தன அடிச்சாக, எத எப்ப நிப்பாட்டுனாக, ஓரம் மழுங்கிருந்தா மதிப்பு என்னாகும், எல்லாம் படிச்சா. போன்ல ஒரு குரூப்லயும் சேந்தா. தேனி ஜில்லாவுலயும் குமுளிப் பக்கமும் கார்டு சேக்குறவுக எல்லாம் அதுல இருக்காக. சொந்தப் பேரு யாரும் வக்கிறதில்லையாம். இவ பவர்ஹவுஸ்னு வச்சுக்கிட்டா. அதுல போடிமெட்டுன்னு ஒருத்தரு இருந்தாரு.

புரையேறிருச்சா? தலையத் தட்டிக்கங்க. காபி சூடு ஜாஸ்தியோ என்னமோ.

அந்தப் போடிமெட்டு ஆளு நல்ல ஆளுதேன் தம்பி, நான் குத்தம் சொல்லல. இவகிட்ட ரெண்டா இருக்குறத அவருக்கு அனுப்புவா, அவருகிட்ட ரெண்டா இருக்குறது இவளுக்கு வரும். இவ ஆபீஸ் அட்ரசுல வெறும் இனிசியலப் போட்டுக் குடுத்திருக்கா. அவரு ஆம்பளன்னே நெனச்சுக்கிட்டாரு. மெசேஜ் பூரா ப்ரோதேன். ப்ரோ சாப்டீங்களா, ப்ரோ மழையா அங்க, ப்ரோ ஒங்களுக்காக ஒரு யானை எடுத்து வச்சிருக்கேன். இவளும் திருத்தல. ஏன்டின்னு கேட்டா, பொண்ணுன்னு தெரிஞ்சா கார்டப் பத்திப் பேசமாட்டாக சித்தி, காலையில குட்மார்னிங்குதேன் அனுப்புவாகன்னா. இவரு நெசமாவே கார்டப் பத்தித்தேன் பேசுனாரு. ஒரு வருசம் ஓடிருச்சு. அந்த வருசம் பூரா வீட்ல இவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா, கையில போன் இருக்கும்.

அதே வருசத்துல ரெண்டு மாப்பிள்ளை வந்து பாத்தாக. ஒருத்தரு இந்த ஆல்பத்தப் பெரட்டிப் பாத்துட்டு, கல்யாணத்துக்கப்பறம் இதெல்லாம் யாராவது சின்னப்புள்ளைக்குக் குடுத்துருவீங்கல்லன்னு கேட்டாரு. இவ, கார்டக் குடுக்க மாட்டேன், மாப்பிள்ளையத்தேன் மாத்தணும்னு சொல்லிட்டா. எங்கக்கா ஒரு வாரம் இவகூடப் பேசல.

இருங்க, அதவிட முக்கியமான கார்டு ஒண்ணு கடேசிப் பக்கத்துல இருக்கு, எடுக்குறேன். இப்ப எதுக்குத் தம்பி எந்திரிச்சீக? என் கையில முறுக்கு எண்ணெயா. ஆமா, கவனிக்கல. சரி, நீங்களே எடுங்க. அடடா, ரெண்டு விரலால ஓரத்தத்தேன் பிடிக்கிறீக. இவ பொறந்தன்னைக்கு நர்ஸு தூக்கிக் குடுத்தப்ப நான்கூட இம்புட்டுப் பக்குவமா வாங்கல. இதுவும் யூகேஜி சொல்லிக் குடுத்ததுதேன் போல.

வெள்ளை யாளின்னு போட்டிருக்கா? ஆனா அதுல ஒரு கோளாறு இருக்கு தம்பி. மொத்தமே நூறு கார்டு. இதுல நூத்தி மூணு பை நூறுன்னு போட்டிருக்கான். அச்சடிச்சவன் தூங்கிட்டான். தப்பான கார்ட எதுக்கு வச்சிருக்கணும், குடுங்க இப்படி, கிழிச்சுக் குப்பையில போட்ருவோம்.

உக்காருங்க, உக்காருங்க. கிழிக்கல. ஒங்க சத்தம் ஹாலுக்கே கேட்ருக்கும்.

சீக்ரெட் ரேரா. கணக்குல காட்டாம வேணும்னே உள்ள போட்டு விடுவாகளா. நம்பரு மொத்தத்தத் தாண்டிப் போனாத்தேன் அதுன்னு கண்டுபிடிக்கணுமா. பெட்டி பெட்டியா வாங்குனாலும் கெடைக்காதா. சரி, ஒங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது. ஆனா இது இவ கைக்கு வந்தன்னைக்கு எனக்குத் தெரியும். ஷிப்டுலருந்து போன் பண்ணுனா, பேச்சே வரல. யாருக்கோ என்னமோ ஆயிருச்சோன்னு நான் பயந்தே போனேன். சித்தி, நூத்தி மூணு, நூத்தி மூணுங்கறா. காய்ச்சலான்னு கேட்டேன்.

யாருக்கு மொதல்ல காட்டணும்னு நெனச்சிருப்பா சொல்லுங்க. கண்ட்ரோல் ரூம்ல அந்த மஞ்ச வெளிச்சத்துலயே போட்டோ எடுத்து, முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, குரூப்ல போட்டா. அந்தப் போடிமெட்டு என்ன எழுதுனாரு தெரியுமா? ப்ரோ, பின்பக்கம் கலரு ஒத்து வரல, இது டூப்ளிகேட்டு, ஒங்கள ஏமாத்திட்டாங்க, இல்லன்னா நீங்க எங்கள ஏமாத்துறீங்கன்னு. எல்லாருக்கும் முன்னாடி. அத்தன பேரும் சிரிக்கிற பொம்ம போட்டாக. குரூப்ப நடத்துறவன், டூப்ளிகேட்டு பார்ட்டிக்கு எடமில்லைன்னு இவளத் தூக்கிட்டான்.

இவ பதிலுக்குச் சண்ட போடல தம்பி. அழுதான்னு சொன்னாக்கூட எனக்கு மனசு ஆறிருக்கும். வந்தா, சாப்புட்டா, ஆல்பத்தத் தூக்கி பீரோ மேல போட்டா. அதுக்கப்பறம் கம்பத்துலருந்து மொத பஸ்லயே ஏறி வந்துருவா. கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. கேட்டதுக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னா. மத்தவுக சிரிச்சது பெருசில்ல சித்தி, அவரு ஒரு தடவ தனியாக் கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நாள்ல கட்டப்பனையில ஒருத்தருக்கு இதே கார்டு விழுந்துச்சாம். பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அதே குரூப்ல போட்டாராம். இவ கார்டும் அதுவும் ஒண்ணுபோல. மஞ்ச லைட்டுலதேன் நெறம் மாறித் தெரிஞ்சிருக்கு. அந்தக் குமுளிக்காரந்தேன் வந்து சொன்னான், அதுக்கு மட்டும் தமிழ் வந்திருச்சு. குரூப்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல. போடிமெட்டும் தொறக்கல.

வேர்க்குது பாருங்க, ஃபேனக் கூட்டி வக்கட்டுமா? வேண்டாமா.

எனக்குத்தேன் பொறுக்கல. இவ அனுப்புன பார்சல்ல பாதி நான் கொண்டுபோயி கூரியர்ல போட்டதுதேன், போடியில எந்தக் கடைன்னு எனக்கு மனப்பாடம். ஒரு சண்ட போட்டு வருவோம்னு பஸ் ஏறுனேன். என்னென்ன கேக்கணும்னு தேவாரம் தாண்டுற வரைக்கும் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். எலக்ட்ரிக்கல் கடை. கல்லாவுல நீங்க உக்காந்திருந்தீக.

ஆமா தம்பி, நீங்கதேன். எனக்கு பல்பு எடுத்துக் குடுத்தீகளே, நெனப்பில்லையா? எப்படி இருக்கும், ஒங்க கண்ணு எம்மேல இல்ல. மேசையில போன வச்சு என்னமோ அடிச்சுக்கிட்டு இருந்தீக. எனக்குத் தலகீழா வாசிக்க நல்லா வரும், பேங்கு மேனேஜரு மேசையில கெடக்குறதயெல்லாம் அப்படித்தேன் வாசிப்பேன். ஸாரி ப்ரோ, என் தப்புதேன், பாக்காமப் பேசிட்டேன்னு அடிச்சீக. அப்பறம் அழிச்சீக. திரும்ப அடிச்சீக, திரும்ப அழிச்சீக. பல்ப டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். காட்டிட்டு வந்து மறுபடி அதயே அடிச்சீக. ஒங்கம்மா உள்ளருந்து வந்தாக. போன் ஒரு பக்கம் போயிருச்சு, மேசையில கெடந்த ரெண்டு கார்டு பில் புக்குக்கு அடியில போயிருச்சு.

இந்த ஆளு கூட எப்படிச் சண்ட போடுறது, சொல்லுங்க. பல்ப வாங்கிக்கிட்டு, வெளிய நின்ன ஒங்கம்மாகிட்டப் போயி, இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மான்னு கேட்டேன். அவுக எனக்குச் சேரப் போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாக. தரகரு வழியா வந்த சம்பந்தம்னு ஒங்ககிட்டச் சொல்லிருப்பாக. தரகரெல்லாம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் பேசுனதுதேன்.

ஹால்ல எப்சிபாகிட்ட ஒரே ஒரு கேள்விதேன் கேட்டீக, பவர்ஹவுஸ்ல எத்தன பேரு வேல பாக்குறாகன்னு. அந்த ப்ரோவ எப்படியாச்சும் பிடிச்சிறலாம்னு நெனச்சிருக்கீக. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, வாயில மிக்சரப் போட்டுக்கிட்டேன்.

அவளுக்குத் தெரியுமான்னா கேக்குறீக? கடைப் பேரச் சொன்ன ஒடனே தெரிஞ்சு போச்சு. போட்டோ காட்டப் போனேன், போட்டோ எதுக்கு, வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டா. பீரோ மேலருந்து ஆல்பத்த எறக்கித் தொடச்சு இந்த மேசையில வச்சது யாருன்னு நெனைக்கிறீக? நான் இல்ல.

மாடியிலதேன் நிக்கிறா. இந்தக் கதவத் தொறந்தா படி. நான் ஹாலுக்குப் போயி, தம்பிக்கு எங்க திராட்சத் தோட்டத்தச் சுத்திக் காட்டுறாகன்னு சொல்லிர்றேன். தோட்டம் இங்க இல்ல, சுருளிப்பட்டியில இருக்கு, ஒங்கம்மாவுக்கு அது தெரியாது.