ஆறு மணி வகுப்பு

— இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. போன் பண்ணி, அந்தச் சங்கத்துக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு.

— அண்ணே, அவர் பஸ் ஏறி ரெண்டு மணி நேரமாச்சு. பாதி வழியில குதிக்கச் சொல்லவா?

— எனக்குக் காய்ச்சல்னு சொல்லு.

— காய்ச்சல்காரன்தான் காலையில இருந்து பதினாலு தலை வெட்டினானா? சலூன்ல உக்காந்து எழுந்தவன் ஒவ்வொருத்தனும் சாட்சி சொல்லுவான். என்ன ஆச்சு உனக்கு? கேக்குறேன்ல.

— ஒண்ணுமில்ல. அதாவது… இந்த அங்கீகாரம் எல்லாம் நமக்கு எதுக்கு? பதினோரு வருஷமா அது இல்லாமத்தானே குங்ஃபூ சொல்லிக் குடுத்தோம்?

— உனக்கு எதுக்கோ, எனக்கு வேணும். என் மாலை வகுப்புப் பொண்ணுங்க ஏழு பேரு. குங்ஃபூ சங்கத்து முத்திரை இல்லாம ஒரு போட்டியில காலை வைக்க முடியாது. பேர் குடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. இன்னிக்கு வர்றவர் பாத்துட்டு கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. ஏழு பேருக்கும் புதுச் சட்டை தைச்சு வெச்சிருக்கேன், தெரியுமா உனக்கு? விரல்ல ஊசி குத்தாத இடம் இல்ல.

— தெரியும். மிஷின் சத்தம் கேட்டுச்சு.

— அப்புறம் என்ன?

— வேற யாராவது வந்தா பரவாயில்ல. சங்கத்துல இந்த ஆளை விட்டா வேற ஆளே இல்லையா?

— நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்! நீ சொல்வியே, ஷெட்டுல குங்ஃபூ சொல்லிக் குடுத்த மாஸ்டர், அவர்கிட்டயே நேரா படிச்சவராம். நீயும் அந்த மாஸ்டரைப் பாத்துத்தானே கத்துக்கிட்ட? நாம சொல்லிக் குடுக்கிற இருபத்திநாலு அடியும் அவரோடதுதானே? அது தெரிஞ்சவங்களே இன்னிக்குக் கொஞ்சம் பேர்தான். அதுல ஒருத்தர் வர்றாரு, நீ காய்ச்சல்ங்கிற.

— பாத்துத்தான் கத்துக்கிட்டேன். எதுல பாத்தேன்னு கேளு.

— எதுல பாத்த?

— கண்ணாடியில.

— எந்தக் கண்ணாடியில?

— சலூன் கண்ணாடியில. அப்ப நான் கூலிக்கு வெட்டுறவன். எதிர்ல ரோட்டைத் தாண்டி மாஸ்டரோட ஷெட். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குவாங்க. ஆறு மணிதான் நம்ம கடையில கூட்டம் நெறிக்கிற நேரம். ஒரு நாள் மாஸ்டர்கிட்ட போய்ச் சேத்துக்கோங்கன்னு கேட்டேன். ஆறு மணிக்கு வான்னார். முதலாளி விடல. திரும்பிப் பாத்தாலே கல்லாவில இருந்து கத்துவார். 'தலை முன்னாடி இருக்கு, நீ எங்கடா பாக்குற'ன்னு. அதனால திரும்பல. கண்ணாடியில பாத்தேன்.

— சரி, பாத்த. அதுல என்ன தப்பு? கண்ணாடியில பாத்தாலும் குத்து குத்துதானே?

— உன் வலது கையைத் தூக்கு.

— தூக்கிட்டேன்.

— கண்ணாடியில இருக்கிற பொம்பளை எந்தக் கையைத் தூக்குவா?

— வலது… இல்ல, இரு. அவ பக்கத்துல இருந்து பாத்தா… இடது! அண்ணே!

— ம்.

— அப்படின்னா இருபத்திநாலும்?

— இருபத்திநாலும். அவர் இடதுல ஆரம்பிச்சதை நான் வலதுல ஆரம்பிச்சிருக்கேன். அவர் வலது காலை வெச்சதுக்கு நான் இடது காலை.

— நம்மகிட்ட படிக்கிற நூத்திநாப்பது பேருக்கும் சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டி விட்டிருக்க!

— மெதுவா பேசு. கீழ பிள்ளைங்க நிக்குதுங்க.

— எப்ப இருந்து தெரியும்?

— ஆரம்பிச்ச மூணாவது மாசம். டயர்க்கடைக்காரனுக்குச் சவரம் பண்றேன். 'மாஸ்டர், கண்ணாடியில உங்களுக்குக் கத்தி எடது கையில இருக்கு'ன்னு சும்மா சொன்னான். கை அப்படியே நின்னுடுச்சு. அதுக்குள்ள முப்பது பேர் சேந்துட்டாங்க.

— அதனாலதான் இந்த ஹால்ல ஒரு கண்ணாடி கூட மாட்ட விடலையா நீ! பிள்ளைங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்குன்னு தெரியுமா? 'தன்னைப் பாக்குறவன் எதிராளியைப் பாக்க மாட்டான்'னு நீ சொன்னதா பெயின்ட்ல எழுதி வெச்சிருக்குங்க. அதோ, சுவத்துல.

— நான் சொன்னதுதான். கண்ணாடி ஏன் இல்லன்னு ஒருத்தி கேட்டா. வாயில வந்ததைச் சொன்னேன்.

— போட்டிக்கு அனுப்பச் சொன்னப்ப எல்லாம் 'நாம ஜெயிக்கப் படிக்கல'ன்னியே. அதுவும் வாயில வந்ததா?

— அதுவும்தான்.

— நான் அதை நாலு பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். எங்க அண்ணன் மாதிரி உண்டான்னு.

— திட்டிக்கோ.

— திட்டத்தான் போறேன், நேரம் இல்ல. சங்கத்துக்குப் போட்ட மனுவுல 'கற்பித்தவர் பெயர்'னு இருந்த இடத்தைக் காலியா விடச் சொன்னதும் இதுக்குத்தானா?

— அதுக்கு மட்டும் இல்ல. அவர் பேரைப் போட எனக்கு என்ன உரிமை இருக்கு? அவருக்கு என்னைக் கண்டா பிடிக்காது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ஆறரை ஆனா ஷட்டரை இறக்கிடுவார். டாண்ணு ஆறரைக்கு. உள்ள வகுப்பு நடந்துக்கிட்டே இருக்கும், சத்தம் கேக்கும். நான் பாக்குறேன்னு தெரிஞ்சுதான் இறக்கினார். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முடி வெட்ட என் நாற்காலியிலதான் வந்து உக்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கண்ணாடியையே முறைச்சுக்கிட்டு இருப்பார். ஒரு தடவை காதோரம் கீறிட்டேன்.

— அப்பவும் பேசலையா?

— பஞ்சை எடுத்து அவரே வெச்சுக்கிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு ஷெட்டைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிட்டார்.

— சரி, அழுது ஆகப் போறது ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் இருக்கு. ஏழு பேரும் கெட்டிக்காரிங்க. கூப்பிட்டு, எல்லாத்தையும் இடம் வலமா மாத்திச் செய்யுங்கடின்னு சொல்றேன்.

— முதல்ல நீ செஞ்சு பாரு.

— நானா? நான் பதினோரு வருஷமா செய்றேன். இதென்ன பெரிய… ஒண்ணு. இடது கை. ரெண்டு. வலது கால் பின்னாடி. மூணு… திரும்பணும், எந்தப் பக்கம்? இரு, சொல்லாத. நாலு. ஐயோ!

— பாத்து! பெஞ்சு.

— முட்டி போச்சு. என் கால் எது, கை எதுன்னே தெரியல.

— நான் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு எத்தனை தடவை முயற்சி பண்ணியிருக்கேன்னு நெனக்கிற? ஏழாவது அடியைத் தாண்டினதில்ல.

— பதினோரு வருஷம் தைச்ச தையலை ஒரு மணி நேரத்துல பிரிக்க முடியாதுதான்.

— அதான் சொல்றேன், வர வேண்டாம்னு சொல்லிடு.

— அண்ணே, என்னைப் பாரு. இந்த முப்பத்தி ரெண்டாவது வயசுல நான் ரோட்டுல தலையைக் குனியாம நடக்குறேன். அந்த ஏழும் அப்படித்தான் நடக்குதுங்க. அது இடது கையில ஆரம்பிச்சா என்ன, வலது கையில ஆரம்பிச்சா என்ன? வரட்டும். பாக்கட்டும்.

— பிள்ளைங்க முன்னாடியே தப்புன்னு சொல்லிட்டார்னா? நீ தாங்குவ. நானும் தாங்குவேன். அந்தச் சின்னவ, வாரத்துல ஒரு நாள் கூட விடாம வர்றாளே, அவ முகத்துல எப்படி முழிப்பேன்?

— அதுக்கு என்ன பண்ணலாம்?

— அவர் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். தப்பு என்னோடது, பிள்ளைங்க பாடத்தைச் சரியாத்தான் படிச்சாங்கன்னு. என் பேரை எடுத்துட்டு உன் பேர்ல பள்ளியை எழுதிக்கச் சொல்றேன்.

— உளறாத. படியில யாரோ வர்றாங்க.

— வணக்கம். குங்ஃபூ பள்ளிக்கூடம் இதுதானுங்களா? கீழ அச்சகத்துல கேட்டேன். மேல குதிக்கிற சத்தம் வந்தா அதுதான்னாங்க.

— வாங்க சார், வாங்க. பஸ் சீக்கிரம் வந்துடுச்சா? ஐயோ, உக்காருங்க. இவர்தான் எங்க அண்ணன், மாஸ்டர். நான் பொண்ணுங்க வகுப்பு எடுக்குறேன்.

— தண்ணி மட்டும் குடுங்கம்மா. படி கொஞ்சம் செங்குத்து. மாஸ்டர், எத்தனை வருஷமாச்சு ஆரம்பிச்சு?

— பதினோரு வருஷம் சார். அதாவது… முதல்ல சலூன்லயே. முதலாளி கடையை என்கிட்ட விட்டுட்டுப் போன பிறகு. லீவு நாள்ல ரெண்டு நாற்காலியையும் பக்கத்துக்கு ஒண்ணாத் தள்ளிட்டு நாலு பேர். அப்புறம் மாவுமில் பின்னாடி. அங்க எல்லாரும் வெள்ளையா வீட்டுக்குப் போவாங்க. அதுக்கப்புறம் இந்த ஹால். இப்ப வேற ரெண்டு இடத்துலயும் நடக்குது.

— எத்தனை பேர்?

— நூத்திநாப்பது, சார். சார், நீங்க பாக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்…

— இருங்க. மனுவுல ஒரு இடம் காலியா இருக்கு. 'கற்பித்தவர் பெயர்.' மறந்துட்டீங்களா?

— அதைப் பத்தித்தான் சார்…

— முதல்ல பிள்ளைங்களைப் பாத்துடுறேன். பேச்சு அப்புறம். எனக்கு அதுதான் பழக்கம். கூப்பிடுங்கம்மா.

— சார், அண்ணன் சொல்ல வர்றதை ஒரு நிமிஷம்…

— கூப்பிடுங்க.

— ஏழு பேரும் மேல வாங்கடி! வரிசையா நில்லுங்க. சின்னவளே, பெல்ட்டை இறுக்கு. மூச்சு. ஆரம்பி!

— செய்யட்டும்மா. நான் இங்க உக்காந்து பாக்குறேன்.

— அண்ணே, அவர் விரல் விட்டு எண்ணுறார்.

— தெரியுது. பேசாத.

— முகத்துல ஒண்ணுமே தெரியல. நல்லதா கெட்டதா?

— அவர் மாஸ்டரும் இப்படித்தான். பேசாதன்னேன்ல.

— போதும்மா. பதினேழாவது அடியில இருந்து இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. மெதுவா.

— பதினேழுல இருந்து! மெதுவா!

— அந்த உதை. ஏன் காலை இவ்வளவு மடக்கி உதைக்கிறாங்க?

— அது என் தப்பு சார். சலூன்ல ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல நின்னு கத்துக்கிட்டோம். காலை நீட்டினா பவுடர் டப்பா போயிடும். அப்படியே பழகிடுச்சு.

— எத்தனை டப்பா போச்சு?

— மூணு. ஒரு கண்ணாடி ஷெல்ஃபும்.

— அந்த ஒண்ணை மட்டும் நீட்டச் சொல்லுங்க. சரிம்மா, பிள்ளைங்களைக் கீழ போகச் சொல்லுங்க. மாஸ்டர், இப்பச் சொல்லுங்க. என்னவோ சொல்ல வந்தீங்களே.

— சார், உங்க மாஸ்டரோட ஷெட்டுக்கு எதிர்ல ஒரு சலூன் இருந்துச்சு. நீலக் கதவு. நான் அங்க வேலை பாத்தேன். நான் அவர்கிட்ட நேரா படிக்கல. திருட்டுத்தனமா கண்ணாடியில பாத்துப் படிச்சேன். அதனால எங்க இருபத்திநாலு அடியும் இடம் வலம் மாறிப் போயிருக்கு. எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல தெரியும். வாயைத் திறக்கல. தப்பு என்னோடது. பிள்ளைங்களோடது இல்ல.

— என்னோடதும்தான் சார். ஆனா ஒண்ணு கேக்குறேன். மாறிப் போனாலும் அதுங்க ஒழுங்காச் செஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— நீலக் கதவு. அந்தப் பையன் நீங்கதானா?

— என்னைத் தெரியுமா சார்?

— எங்க மாஸ்டர் காலமாகி நாலு வருஷமாச்சு. இருந்திருந்தா இன்னிக்கு அவரே வந்திருப்பார். ஏம்மா, முதல் அடி எந்தக் கை?

— வலது, சார். தப்பாத்தான்.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வயசாச்சு, நாலு அடிதான் செய்வேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. இப்பச் சொல்லுங்க, எந்தக் கை?

— வலது… அண்ணே! வலது கை! நம்ம மாதிரியேதான் திரும்பினார்!

— அது எப்படி சார் முடியும்? நான் பாத்தது கண்ணாடியில. நீங்க வலதுல செஞ்சா எனக்கு இடதாத்தானே தெரிஞ்சிருக்கணும்?

— தெரிஞ்சிருக்கும். நாங்க வலதுல செஞ்சிருந்தா. எங்க மாஸ்டர் உங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை முடி வெட்டிக்கிட்டு, அந்தக் கண்ணாடியில எங்க ஷெட் தெரியறதையும் பாத்துட்டு வந்தார். மறுநாள்ல இருந்து, ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கினா ஆறரை வரைக்கும் எல்லாத்தையும் இடம் வலமா மாத்திச் செய்யணும்னுட்டார். ஆறரைக்கு ஷட்டரை இறக்கின பிறகுதான் எங்களுக்கு ஒழுங்கான பாடம்.

— ரெண்டு விதமும் செஞ்சீங்களா? இப்பத்தான் சார் நான் நாலாவது அடியில பெஞ்சுல மோதினேன்.

— நாங்க மோதாத செவுரே இல்லம்மா. ரெண்டு வருஷம் அவரைத் திட்டிக்கிட்டே செஞ்சோம்.

— எதுக்காம் சார் அது?

— ஒரு நாள் பொறுக்க முடியாம நானும் இதையேதான் கேட்டேன். 'ஆறு மணி வகுப்பு உங்களுக்கு இல்லடா'ன்னார். 'எதிர்க்கடையில கத்திரிக்கோலோட நிக்கிறானே, அவனுக்கு.'